மண்டபத்து ஏ.சி.க்கு ஃபில்டர் வாங்குவது எப்படி?

பாளையங்கோட்டையிலோ வண்ணார்பேட்டையிலோ சென்ட்ரல் ஏ.சி.யோடு கல்யாண மண்டபம் கட்டிவிட்டீர்களா? சந்தோஷம், அண்ணாச்சி. ஹீட்டர் வேலையை நெல்லை வெயில் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்ளும். பாக்கி ஃபில்டர்தான். கீழே சொல்கிறபடி செய்யுங்கள். பாதியை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருப்பீர்கள்.

1. விலையை மட்டும் கேளுங்கள். கடைக்காரர் "மெர்வ் எத்தனை வேணும்?" என்றால், "இருக்கதுல கொறஞ்சது எதுவே?" என்று மடக்குங்கள். மெர்வ் என்பது ஃபில்டரின் பிடிக்கும் திறனுக்கான எண். மெர்வ் 8 தெருப்புழுதியைப் பிடிக்கும். ஹோமப் புகை பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் கீழே. அந்த அளவுத் துகளில் பாதியையாவது பிடிக்க மெர்வ் 13 வேண்டும். ஆகவே மெர்வ் 8 மாட்டி, ஹோமகுண்டத்தை, ஹால் காற்றைத் திரும்ப இழுக்கும் ரிட்டர்ன் கிரில்லுக்கு நேர் கீழே வையுங்கள். கடைசி வரிசைக்காரருக்கும் கண் கலங்கும். பெண்ணைப் பிரிகிற துக்கம் என்று வீடியோக்காரர் எடுத்துக்கொள்வார்.

2. டாக்டர் மச்சினன் பயமுறுத்தினாரா? ஒரேயடியாக ஹெப்பா என்கிற உயர்தர ஃபில்டருக்குத் தாவுங்கள். 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைத் தடுக்கும். உங்கள் மெஷினில் காற்றையும் தடுக்கும். அதன் வழியாகக் காற்றை இழுக்க உங்கள் ஃபேனுக்குத் திராணி கிடையாது. காயிலில் ஐஸ் கட்டும், மாப்பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டும்.

3. அளவெடுக்காதீர்கள். சட்டத்துக்கும் ஃபில்டருக்கும் நடுவே இரண்டு விரல் சந்து இருக்கட்டும். காற்று அந்தச் சந்து வழியாகவே போய்விடும், ஃபில்டர் புத்தம் புதிதாக இருக்கும். மனசு கேட்காவிட்டால் பழைய கல்யாணப் பத்திரிகையை மடித்துச் செருகுங்கள்.

4. ஏ.சி. மெஷின் இருக்கும் ஏ.எச்.யூ. ரூமை வீணாக்காதீர்கள். பல கட்டடங்களில் ஹாலிலிருந்து திரும்பும் காற்று அந்த ரூம் வழியாகத்தான் மெஷினுக்குள் போகிறது. அதனால் விளக்குமாறு, கிழிந்த ஜமுக்காளம், மூடி தொலைந்த பினாயில் கேன், உடைந்த கோலமாவுப் பொட்டலம் எல்லாவற்றையும் அங்கேயே அடுக்குங்கள். வாட்ச்மேன் கொடியில் ஈரத்துண்டு காயப்போட்டால் தடுக்காதீர்கள், நன்றாகக் காயும். வெளிக்காற்று உள்ளே வரும் ஓட்டையை ஜெனரேட்டர் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் வைத்த இன்ஜினியரை மறக்காமல் சால்வை போர்த்திக் கௌரவியுங்கள்.

5. ஆடியில் முகூர்த்தம் இல்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பாயும் காற்றில் கயத்தாறு காற்றாலைகள் சுற்றும் நேரம் அது. ஜன்னல்களைத் திறந்து போட்டு ஊருக்குப் போங்கள். டக்டுக்குள் சேர்ந்த புழுதியையெல்லாம் ஆவணி முதல் முகூர்த்தத்தில், அட்சதை போடும் அதே நிமிஷத்தில், முழு வேகத்தில் இறக்குங்கள்.

6. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் காற்றழுத்தம் எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் மீட்டர் ஒன்று சுவரில் இருக்கும். அடைப்பு ஏற ஏற முள்ளும் ஏறும். அதன்மேல் காலண்டர் மாட்டுங்கள். மெக்கானிக் "அண்ணாச்சி, அடைச்சுக் கெடக்கு" என்றால் "போன வருசந்தானவே மாத்துனோம்" என்று சொல்லுங்கள். அடம்பிடித்தால், கழுவக் கூடாத அந்தப் பேப்பர் ஃபில்டரை பைக் வாட்டர் சர்வீஸுக்கு அனுப்புங்கள். மடிப்பெல்லாம் கிழிந்து வரும். காற்று முன்பைவிடத் தாராளமாகப் போகும், நீங்களே மெக்கானிக்கிடம் காட்டலாம்.

7. பெண் வீட்டார் "கூலிங் பத்தல" என்கிறார்களா? ஃபில்டர் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். இன்னும் பத்து டன் ஏ.சி. வாங்குங்கள். அதற்கும் ஃபில்டர் உண்டு. முதல் பாயிண்டிலிருந்து ஆரம்பியுங்கள்.