மருமவன் ‘சைக்கோ’ பாக்கப் போறாராம்!

என்ன மருமவனே, இன்னைக்கு ராத்திரி ‘சைக்கோ’ பாக்கப் போறியாமே? 1960ல வந்த படம். அவசரப்படாம ஆற அமர வந்து சேந்திருக்கே, பெரிய மனசுதான்.

படம் ஓட ஆரம்பிச்ச பெறகு ஒரு பயலையும் தேட்டருக்குள்ள விடாதேன்னு அமெரிக்காவுல கண்டிசன் போட்ட ஆளு இந்தப் படத்தை எடுத்த ஹிட்ச்காக். சனமும் நேரத்துக்கு வந்து வரிசையில நின்னுச்சு. நீ ஏன்யா அந்தச் சிரமமெல்லாம் படணும்? கையில போனை வச்சுக்கோ, நோண்டிக்கிட்டே பாரு. முடிவை எவனாவது எழுதியிருப்பான், மொதல்ல அதைப் படிச்சிரு.

ஜேனட் லீ 40,000 டாலரைக் களவாண்டுட்டு கார்ல கெளம்புவா. அந்தப் பணம் என்னாகும், என்னாகும்னு கணக்குப் போட்டுக்கிட்டே வா. நல்லாப் போடு. ஒன்னைய மாதிரி கணக்கப்பிள்ளைகளுக்குன்னேதான் அந்தக் கட்டைப் பேப்பர்ல சுருட்டி வச்சிருக்காரு ஹிட்ச்காக்.

அவ வழியில தங்குற லாட்ஜுக் குளியலறையில கத்தி வரும்போது “இதெல்லாம் டூப்பு”ன்னு சத்தமாச் சொல்லு. டூப்புதான். ரத்தம் சாக்லேட் பாகு, குத்துற சத்தம் முலாம்பழத்துல எடுத்தது. ஒரு நிமிசம்கூட ஓடாத சீனை ஏழு நாள் எடுத்திருக்காக. அந்த எடத்துல இசையே வேண்டாம்னவரு ஹிட்ச்காக். இசை போட்ட பெர்னார்ட் ஹெர்மன் வயலினை அலறவிட்டுக் காமிச்சதும் கம்முனு ஒத்துக்கிட்டாரு.

எனக்கு இங்கிலீசு தெரியாதுன்னு சிரிப்பியே, அந்தக் கொலைக்குப் பெறகு ரொம்ப நேரம் ஒருத்தரும் பேசவே மாட்டாக. லாட்ஜை நடத்துற ஆன்டனி பெர்க்கின்ஸ் தரையைக் கழுவுவான், தொடைப்பான், காரைக் கொண்டுபோயி சகதியில எறக்குவான். என்னத்தையோ கொறிச்சுக்கிட்டே பாத்துட்டு நிப்பான். கார் முக்காவாசி முங்கினதும் சடார்னு நின்னுரும். அவன் வாய் அசையாது. சுத்துமுத்தும் பாப்பான். அப்ப ஒன் மனசு என்ன சொல்லுதுன்னு கொஞ்சம் கவனிச்சுக்கோ. “முங்கித் தொலையேன்”னுதான் சொல்லும். நியாயம் பேசுற மருமவன் அந்த நேரம் களவாணிக்குக் கூட்டாளி.

கடைசியில ஒரு டாக்டர் வந்து நீட்டி முழக்குவாரு. எந்திரிச்சுப் போயி காப்பி போட்டுக்கோ, பாதகமில்ல. அவரு முடிச்ச பெறகு ஒரு சமாச்சாரம் பாக்கி இருக்கு, அதுக்குள்ள ஓடி வந்துரு.

விடிஞ்சதும் அத்தைகிட்ட வந்து கதையை ஒளறி வைக்காதே. அவ இன்னும் பாக்கல. அந்த லாட்ஜுக்காரன் வீட்டு மாடியில இருக்கிற ஆத்தா யாருன்னு சொல்லச் சொல்லி எத்தனை நாளா என்னைய அரிச்செடுக்கா தெரியுமா? சோத்துல உப்பைக்கூடக் கொறைச்சுப் பாத்துட்டா.