ஈ காக்கை அண்டாத இயற்கைத் தோட்டம்

எங்கள் தெரு மூலைவீட்டு சாரைப் போல இயற்கையின் மேல் உயிரை வைத்திருப்பவர் இந்த வட்டாரத்திலேயே கிடையாது. கேட்டில் ‘ஆர்கானிக் தோட்டம்’ என்று பலகையே மாட்டியிருக்கிறார்.

அந்தச் சுத்தத்தைப் பார்க்க வேண்டும்! மதிலோரம் மண்டிக் கிடந்த எருக்கு, தும்பை, துத்தி எல்லாம் போய், இப்போது பளிச்சென்று சிமென்ட் தரை. எருக்கிலையில் முட்டையிட வந்துபோன வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சிக்கு இனி அந்த அலைச்சல் மிச்சம். மாமரத்துச் சருகைத் தினமும் கூட்டிக் கொளுத்திவிட்டு, கடைக்குப் போய் மூட்டை மூட்டையாக மண்புழு உரம் வாங்கி வருகிறார். நாலு பேர் பிழைக்க வேண்டாமா?

கறிவேப்பிலைச் செடியில் ஒருநாள் புழு. சின்னதில் பறவை எச்சம் போலவே இருக்கும், வளர்ந்ததும் இலைப்பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டைக் கொம்பு ஒன்றை நீட்டி, ஒரு நாற்றத்தையும் விட்டு மிரட்டும். எறும்பு பயப்படலாம், சார் பயப்படுவாரா? இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்தைக் கலக்கிவிட்டார். “ஆர்கானிக்னு போட்டிருக்கீங்களே சார்?” என்றேன். “பூச்சிக்குத்தானே அடிக்கிறேன், செடிக்கா அடிக்கிறேன்?” என்றார். எவ்வளவு தெளிவு! மருந்துக்குத்தான் அந்தத் தெளிவு போதாது. செடியின் சாற்றோடு கலந்து பூந்தேன்வரை ஏறிப்போய், அங்கே வரும் தேனீயையும் நலம் விசாரித்துவிட்டு வரும்.

பாரபட்சம் என்பதே சாரிடம் கிடையாது. 2008-இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து விவசாயிகளைக் கதற வைத்தது. மருந்துக்கு அடங்காத அதை அடக்கியது, 2010-இல் போர்ட்டோ ரீக்கோவிலிருந்து வரவழைத்து விடப்பட்ட, கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒட்டுண்ணிக் குளவி. சார் வீட்டுப் பப்பாளியில் மாவுப்பூச்சி உட்கார்ந்தாலும் சரி, அந்தக் குளவி உட்கார்ந்தாலும் சரி, இருவருக்கும் ஒரே மரியாதைதான். சாரைப்பாம்பை ஆளை விட்டு அடித்த நாளிலிருந்து எலிகளுக்கும் குறையில்லை. ராத்திரிதோறும் விஷ கேக் வைத்து உபசரிக்கிறார்.

மார்ச் 20, உலகச் சிட்டுக்குருவி நாளன்று மரக்கூடு ஒன்று தொங்கவிட்டு, கிண்ணம் நிறையக் கம்பும் வைத்தார். குருவி வரவில்லை. குஞ்சுக்குப் புழு பூச்சிதான் ஊட்டுவேன் என்று அது அடம்பிடித்தால் சார் என்ன செய்வார் பாவம்?

ஆனால் பரங்கிக்கொடி விஷயத்தில்தான் நான் அவருக்குக் கோயிலே கட்டுவேன். பூ குலுங்குகிறது, காய் பிடிப்பதில்லை. சார் அசரவில்லை. விரிந்த பூ முற்பகலுக்குள் சுருங்கிவிடுமே என்று விடிந்ததும் விடியாததுமாகக் காபிகூடக் குடிக்காமல், பேத்தியின் பெயின்ட் பிரஷ்ஷோடு கொடிக்குள் குனிந்து, ஆண்பூவின் மகரந்தத்தைப் பெண்பூவில் தடவுகிறார். தேனீ கூலி வாங்காமல் செய்த வேலையை, பென்ஷன் வாங்கும் அதிகாரி ஒருவர் முட்டிவலியோடு இழுத்துப்போட்டுக்கொண்டு செய்வது சாமானியமா?

போன வாரம் இரண்டு பிஞ்சு நின்றிருக்கிறது. “பார்த்தீங்களா, எல்லாம் இயற்கை முறை!” என்று கூப்பிட்டுக் காட்டினார். பிஞ்சைப் பூச்சி கடித்துவிடக் கூடாதே என்று பக்கத்திலேயே பக்கெட்டில் மருந்தும் கலக்கி வைத்திருந்தார்.