எட்டாம் திணை: மெர்சிங் ஏர்கோன் அறை குறித்த ஓர் ஆய்வு

அகத்திணை ஏழு என்று தொல்காப்பியர் வகுத்துவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல முடியாது; அவர் காலத்தில் ஏர்கோன் இல்லை. அவருடைய அளவுகோலையே எடுத்துக்கொண்டு ஜொகூரின் கிழக்குக் கரையை அளந்தால் மெர்சிங் ஐயமின்றி நெய்தல்தான். கடல் உண்டு, மீன்படகு உண்டு, தியோமான் தீவுக்குப் படகேறும் துறை உண்டு. ஆனால் இரவு பத்து மணிக்கு ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் பழந்துணியை அடைத்து, ரிமோட்டை அமுக்கியதும் உள்ளே வேறொரு திணை பிறக்கிறது. நிலம்: மூடிய அறை. சிறுபொழுது: யாமம். பெரும்பொழுது: இந்த ஊர் கண்டிராத முன்பனியும் பின்பனியும். கருப்பொருள்: கம்பளி, தைலப் புட்டி, மெத்தை, யூனிட்டுக்குள் குடியிருக்கும் பல்லி. உரிப்பொருள்: ஊடலும் ஊடல் நிமித்தமும். நிமித்தம் பெரும்பாலும் இரண்டு டிகிரி.

ஊடல் மருதத்துக்கு உரியதாயிற்றே எனின், அற்றன்று. மருதத்தில் தலைவன் வெளியே போவதால் ஊடல். இங்கே எல்லாரும் ஒரே அறையில் கிடப்பதால் ஊடல்.

ஆய்வுக் களம் எங்கள் தாமான் வீடு. ஏர்கோன் இருப்பது ஓர் அறையில் மட்டும். பள்ளி விடுமுறை என்றால் என் அம்மா கட்டிலிலும் மற்றவர்கள் தரையில் மெத்தை போட்டும் அங்கேதான் படுப்போம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகன் சென்ற ஆண்டு ஒரு வெள்ளைப் பெட்டியை வாங்கி வந்து அலமாரி மேல் வைத்து, இதுதான் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட், இனி வீடு தானே தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்றான். ஆய்வு அங்கிருந்து தொடங்குகிறது.

தெர்மோஸ்டாட்டின் வரலாற்றை அறியாதார் பொருட்டுச் சிறிது சொல்ல வேண்டும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வைட்வாட்டர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில், வாரன் ஜான்சன் என்றொரு பேராசிரியர் இருந்தார். குளிர்காலத்தில் கட்டடப் பணியாளர் வகுப்பு வகுப்பாக நுழைந்து சூடு எவ்வளவு என்று பார்த்துவிட்டுப் போவார், பாடம் அறுந்துபோகும். அறையின் நிலையைக் கீழே கொதிகலன் பக்கம் இருக்கும் அந்தப் பணியாளருக்கு மின்மணி அடித்துச் சொல்லும் கருவியைச் செய்து, 1883இல் ஜான்சன் காப்புரிமை பெற்றார். ஆக, நடுவில் கதவைத் திறந்து வரும் ஒரு மனிதரை ஒழிக்கவே இந்தக் கருவி பிறந்தது. அவர் மெர்சிங்கில் இன்னும் ஒழியவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, ஏர்கோனை அடைத்துவிட்டுக் காத்தாடியைத் தட்டிவிட்டுப் போகிறவர் அவர்தான். வீட்டில் அவரை அப்பா என்று அழைக்கிறார்கள்.

2011இல் நெஸ்ட் என்ற கருவி அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. வீட்டார் எப்போது சூடு கேட்கிறார்கள், எப்போது வெளியே போகிறார்கள் என்பதைத் தானே படித்துக்கொள்ளும் என்றார்கள். 2014இல் கூகுள் அந்த நிறுவனத்தை 320 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த நாட்டு வீடுகளில் சுவரில் ஒரு தெர்மோஸ்டாட் இருக்கும், அது முழு வீட்டையும் ஆளும். நம் ஊர் ஏர்கோனுக்குச் சுவரில் எதுவும் கிடையாது, ரிமோட்தான் எல்லாம். ஆகவே நமக்கென்று விற்கும் பெட்டி, ரிமோட்டைப் போல நடிக்கும் ஒரு பெட்டி. கைப்பேசியில் நாம் சொல்வதை வைஃபையில் கேட்டு, அகச்சிவப்புக் கதிராக ஏர்கோனை நோக்கி வீசுகிறது.

இங்கேதான் தத்துவச் சிக்கல். பெரும்பாலான ஏர்கோன்களில் அந்தக் கதிர் ஒருவழிப் பாதை. ஏர்கோன் கேட்டதா, கேட்டும் செய்யவில்லையா என்று பதில் வராது. அசல் ரிமோட்டும் அப்படியே: பட்டனை அமுக்கும்போது தன் திரையில் உள்ள டிகிரி, காற்று வேகம் எல்லாவற்றையும் மொத்தமாக அனுப்பிவிட்டு, சொன்னது நடந்தது என்று நம்பிக்கொண்டிருக்கும். அம்மா கையில் உள்ள ரிமோட், வாங்கிய நாளில் சுற்றிய பிளாஸ்டிக் உறையோடு இருக்கிறது. உறைக்குள் மேல்நோக்கிய அம்புக்குறி மட்டும் தேய்ந்து வெளுத்திருக்கிறது. கீழ்நோக்கியது புத்தம் புதிது. இதை அகச்சான்றாகக் கொள்க. அம்மா 27 வைத்திருப்பார். பெட்டியோ தான் கடைசியாக அனுப்பிய 22ஐயே கைப்பேசியில் காட்டிக்கொண்டிருக்கும். மகன் சிங்கப்பூரிலிருந்து அதைப் பார்த்துவிட்டு, "ஏன் பாட்டி இவ்ளோ குளிர்ல படுத்திருக்கீங்க" என்று கேட்டு 25 ஆக்குவான். அம்மாவுக்கு இரண்டு டிகிரி குளிர் கூடும். பாசத்தால் விளைந்த குளிர் என்பதால் யாரையும் கோபிக்க வழியில்லை.

எந்த 25 என்பது அடுத்த கேள்வி. ஏர்கோனின் உணரி கூரையோரம் யூனிட்டுக்குள் இருக்கிறது. தான் இழுக்கும் காற்றை அளக்கிறது. பெட்டி அலமாரி மேல் இருந்து அலமாரியை அளக்கிறது. குளிர்காற்று கனத்தது, தாழ இறங்கும். அதைத் தாங்குகிறவர்கள் மெத்தையில் படுத்தவர்கள். அங்கே உணரி எதுவும் இல்லை, என் முழங்கால் தவிர.

இவ்வறையில் மதங்கள் மூன்று. பதினாறு மதத்தாரின் தலைவி நான்காம் படிவம் படிக்கும் என் மகள். 16 வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது அவர்களின் பூர்வபட்சம். மறுப்பு: பழைய ஏர்கோனின் கம்ப்ரசருக்கு ஓடுவது, நிற்பது என்று இரண்டே தொழில், 16 என்றாலும் 24 என்றாலும் ஒரே வேகம்தான். இன்வெர்ட்டரும் அறை சூடாக இருக்கும்வரை முழு மூச்சில்தான் ஓடும். 16 வைத்தவர் பெறுவது விரைவை அன்று, நிற்க மறக்கும் கம்ப்ரசரை. இருபத்துநாலு மதத்தாருக்கு அரசுகளின் ஆதரவு உண்டு: மலேசியாவின் எம்எஸ் 1525 தரநிலை கட்டடங்களுக்கு 24 முதல் 26 டிகிரி என்கிறது, இந்தியாவில் 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியுள்ள ஏர்கண்டிஷனர்கள் 24இல்தான் தொடங்க வேண்டும். என் மனைவி இம்மதத்தவர். மூன்றாவது காத்தாடி மதம். இதன் வேதம் கரண்டு பில். முதல் 200 யூனிட்டுக்கு 21.80 சென், அடுத்த 100க்கு 33.40, முந்நூறைத் தாண்டினால் 51.60 என்ற படிக்கட்டை நான் உறக்கத்திலும் சொல்வேன். 2025 ஜூலையில் கட்டண முறை மாறியது. என் உறக்கத்தில் மாறவில்லை.

இம்மூன்று மதத்தாரும் டிகிரியைப் பற்றியே சண்டையிடுவது வியப்பு. ஏர்கோன் பிறந்ததே டிகிரிக்காக அன்று. 1902இல் நியூயார்க்கின் புரூக்ளின் அச்சகம் ஒன்றில் காற்றின் ஈரத்தால் தாள் உப்பி, வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராமல் போயின. அந்த ஈரத்தை அடக்கத்தான் வில்லிஸ் கேரியர் தம் முதல் இயந்திரத்தை வடிவமைத்தார். மெர்சிங்கின் நோயும் அதுவே. நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலிலிருந்து இறங்கியதும், துவைத்த துண்டு இரண்டு நாளானாலும் கொடியில் ஈரமாகவே தொங்கும். உப்பு ஜாடிக்குள் கட்டியாகும். பள்ளிச் சீருடையைக் காத்தாடிக்குக் கீழே நாற்காலிக்கு உடுத்தி வைப்போம். அந்த இரவுகளில் வெளியிலேயே 24 டிகிரி. பெட்டியில் 25 வைத்தால், இலக்கு எட்டியாயிற்று என்று ஏர்கோன் கம்ப்ரசரை உறங்கவிடும். கம்ப்ரசர் உறங்கினால் ஈரம் விழித்துக்கொள்ளும். டிகிரி சரி, போர்வை மட்டும் சதசத. அம்மா இதற்குக் கண்ட தீர்வு எளிது: ரிமோட்டில் நீர்த்துளிப் படம் போட்ட பட்டன். மகன் வாங்கி வந்த பெட்டியிலும் அந்த வசதி இருக்கிறது; ஐந்து திரை தாண்டி, ஒரு மடிப்புக்குள்.

பெட்டியின் மிகப்பெரிய கண்டுபிடிப்பைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். வீட்டில் ஆள் இருக்கிறதா என்பதை அது கைப்பேசி வழியாக அறியும். பதிவான கைப்பேசிகள் எல்லாம் வீட்டை விட்டு நகர்ந்தால் வீடு காலி என்று முடிவுகட்டி ஏர்கோனை நிறுத்தும். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம், மகள் பள்ளியில். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த அம்மாவிடம் கைப்பேசி கிடையாது. ஏர்கோன் தானே நின்றது. கெட்டுப்போச்சு என்று அம்மா பக்கத்து வீட்டாரிடம் சொல்ல, அவர் சர்வீஸ்காரரைக் கூப்பிட, அந்த அண்ணன் ஏணி போட்டு ஏறி, மூடியைக் கழற்றி, பல்லியைத் துரத்தி, கெமிக்கல் வாஷும் செய்து முடித்திருந்தார். மாலையில் மகன் காணொலி அழைப்பில் அது கெடவில்லை, வீட்டில் யாரும் இல்லையென்று நினைத்துக்கொண்டது என்று விளக்கினான். "ஏன்யா, அப்ப நான் யாரு?" என்றார் அம்மா.

பெட்டி செய்யும் நிறுவனங்களுக்கு இவ்வாய்வின் வழி இரண்டு விண்ணப்பங்கள். திரையில் டிகிரியைச் சிறிதாகவும் ஈரப்பதத்தைப் பெரிதாகவும் காட்டுங்கள். கைப்பேசி இல்லாதவரையும் ஆளாகக் கணக்கில் சேருங்கள். அதுவரை மெர்சிங் வீடுகளில் இதை மாட்ட நினைப்போர், அந்தத் தானியங்கி வசதியை முதல் நாளே அணைத்துவிட்டு, ரிமோட்டை வீட்டில் மூத்தவர் கையில் கொடுத்துவிடவும்.