ரெண்டு வயர் செருகின கெட்டிக்காரன்

வா மோனை, இரு. பாரிஸில ரூ பஜோல் தெரு முழுக்க உன்ரை புகழ்தான் கதை. கடைக்குக் கீழ காவு எண்ட நிலவறைக்குள்ள ஒரு சர்வர் வைச்சியாம். பில், கமெரா, கணக்கு எல்லாத்தையும் வெர்ச்சுவல் மெஷினாக்கி அந்த ஒரே பெட்டிக்குள்ள குடியிருத்திப்போட்டியாம். நெட்வேர்க்குக்கு ரெண்டு வயராம், ஒண்டு போனாலும் ஒண்டு நிக்குமாம். 17ஆம் நம்பர் மாணிக்கப் பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைச்சாச்சாம். பேந்தென்ன பயம்!

நான் படிக்காதவன். கொம்பனியளின்ரை சர்வர் அறையளைத் துடைச்சுச் சீவிச்சவன். ஆனா நடுச்சாமத்தில கோட்டுப் போட்டவை தலையில கைவைச்சு நிண்டதை மாப்போட நிண்டு கனக்கப் பாத்தனான். அதால கேக்கிறன், கோவியாத.

ரெண்டு வயரும் எந்தக் கார்டில இருந்து வருது? ஒரே நெட்வேர்க் கார்டின்ரை ரெண்டு போர்ட்டோ? ஆகா! கார்டு போனால் ரெண்டும் ஒண்டா மண்டையைப் போடும். மதர்போர்டில ஒண்டு, தனிக் கார்டில ஒண்டு எண்டு எடுக்க யூனிவர்சிற்றியில சொல்லித் தரேல்லையோ? மற்ற நுனி? ஒரே சுவிட்சுக்கோ! அந்தச் சுவிட்சுக்குக் கரண்ட், மீன் பிரிட்ஜ் செருகின அதே பிளக்கில எண்டும் கேள்விப்பட்டன்.

நீ ரெண்டாம் நம்பர் மெட்ரோவில லாச்சப்பலுக்கு வாறாய். அது நிண்டால் பன்னிரண்டில ஏறி மார்க்ஸ் டோர்முவாவில இறங்கி நடக்கிறாய். ஒண்டு இங்க பாலத்துக்கு மேல, மற்றது நிலத்துக்குக் கீழ. நல்ல ஏற்பாடு. கிறேவ் எண்டு வேலைநிறுத்தம் வந்தால்? ரெண்டும் படுத்திடும், முதலாளி ஒண்டுதானே. உன்ரை வயருகளுக்கு ஆர் முதலாளி எண்டு முதல் பார்.

ரெண்டாவது சுவிட்ச் வாங்கின உடன துள்ளாத. ரெண்டு வயரையும் எல்ஏசிபி போட்டு ஒண்டாக் கட்டப்போறன் எண்டு நிப்பாய். ரெண்டு சுவிட்சுக்கும் சேர்ந்து ஒண்டு மாதிரி நடக்கத் தெரிஞ்சால் கட்டு. மலிவுச் சாமான் எண்டால் ஒண்டு வேலை செய்ய மற்றது காத்திருக்கிற முறையே காணும். கட்டினாலும் ஒரு பைல் ஒரு வயராலதான் போகும், ஒரு கிகாபிட் ரெண்டாகாது. அதைக் காட்டிச் சீதனம் கூட்டிக் கேக்காத.

ரெண்டாவது போர்ட்டிலயும் எல்லா வீலானையும், அதான் நீ பிரிச்சு வைச்ச நெட்வேர்க் எல்லாத்தையும், திறந்து விட்டனியோ? இல்லையெண்டால் வயர் மாறின அண்டைக்குக் கமெரா மட்டும் ஊமையாகும், நீ கமெராவைக் கழட்டிக் குலுக்கிக்கொண்டு நிப்பாய். பச்சை லைற்றையும் நம்பாத. சுவிட்ச் உயிரோட இருக்க, அதுக்கு அங்கால வயர் அறுந்திருக்கும். சர்வர் பாவம், பச்சையைப் பாத்து அதுக்குள்ளயே அனுப்பிக்கொண்டிருக்கும். காத்திருக்கிற முறையில லினக்ஸுக்கு ஆர்ப் சோதனை எண்டு ஒண்டிருக்கு. அங்கால இருக்கிற ஆளைக் கூப்பிட்டு, மறுமொழி வருதோ எண்டு பாக்கும். அதைப் போடு.

பெரிய மனுசரும் உன்னை மாதிரித்தான். 2021 மார்ச் 10 ஸ்ராஸ்பூர்க்கில ஓவிஎச் கொம்பனியின்ரை சர்வர் கட்டிடம் எரிஞ்சது. பக்கப் இருக்கு எண்டு நெஞ்சு நிமித்தின சிலபேரின்ரை பக்கப்பும் அதுக்குள்ளதான் கிடந்தது. 2022 ஏப்ரல் 27 விடியப்புறம் பாரிஸைச் சுத்தி ஆரோ ஃபைபரை வெட்ட, கன ஊரில இன்டர்நெட் படுத்தது. நீயும் ரெண்டு கொம்பனி லைன் எடுக்கலாம். ரெண்டும் ஒரே குழாய்க்குள்ளால காவுக்குள்ள இறங்குதோ எண்டு குனிஞ்சு பார், இடுப்பு நோகாது.

எல்லாம் முடிச்சிட்டுச் சொல்லு. சனிக்கிழமை பின்னேரம் கடையில சனம் நெரியேக்க வாறன். ஒரு வயரை இழுப்பன், எது எண்டு சொல்லமாட்டன். என்ன மோனை, அதுக்குள்ள தண்ணி விடாய்க்குதோ?