குவளையில் மிஞ்சிய மை

மாட்சிமை பொருந்திய மண்டல அலுவலக மனிதவளப் பிரிவின் திருச்சமூகத்துக்கு,

கும்பகோணம் பக்கத்து வங்கிக் கிளையொன்றில் இரண்டாம் நம்பர் கவுண்டரில் குந்தியிருக்கும் அடியேன் எழுதிக்கொள்வது. தாங்கள் அனுப்பிய இரண்டும் வந்து சேர்ந்தன. ஒன்று, ஊழல் தடுப்பு விழிப்புணர்வு வாரத்தை ஒட்டி அன்பளிப்பாக வந்த குவளை. மற்றொன்று மெமோ. இரண்டையும் ஒரே நாளில் ஒரே தபால் பையில் அனுப்பிய சிக்கனத்தை மெச்சுகிறேன்.

குவளையில் ‘நேர்மை’ என்று நீல எழுத்தில் அச்சடித்திருந்தீர்கள். முதல் நாள் டீ குடித்துக் கழுவியதில் ‘நே’ போயிற்று. மெய்யெழுத்தில் சொல் தொடங்கக் கூடாது என்ற இலக்கணம் தெரிந்ததாலோ என்னவோ, மறுநாள் ‘ர்’ தானாகவே இறங்கிக்கொண்டது. இப்போது ‘மை’ மட்டும் நிற்கிறது. குறையாகச் சொல்லவில்லை. மெமோ வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட மை வேண்டுமே!

எனக்குக் கணீர்க் குரல் என்று மேனேஜர் என்னையே உறுதிமொழி வாசிக்கச் சொன்னார். வலது கையை நீட்டியிருந்தேன். இடது கையில் உறுதிமொழித் தாள், தாளுக்கு அடியில் இன்னும் பிரிக்காத உறை. லஞ்சம் வாங்க மாட்டேன், கொடுக்க மாட்டேன், எல்லாவற்றிலும் வெளிப்படையாக இருப்பேன் என்று நான் சொல்லச் சொல்லக் கிளையே திருப்பிச் சொன்னது. போட்டோ எடுத்து மண்டல வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். தாங்களும் கட்டைவிரலை உயர்த்தியிருந்தீர்கள். பிறகு உறையைப் பிரித்தேன். வெளிப்படையாக இருந்ததற்குத்தான் மெமோ.

குற்றம் நடந்தது இப்படி. நிலம் விற்ற 5 லட்சத்தை டெபாசிட் போட வந்தார் ஓர் அம்மா. வயது எழுபதைத் தொட்டிருக்கும். மேனேஜர் அறையில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். பேரன் பெயரில் இன்சூரன்ஸ் விண்ணப்பமும் தயாராக இருந்தது. ஸ்டாம்ப் பேடு மட்டும் என் மேஜையிலிருந்து போக வேண்டியிருந்தது. கொண்டுபோனேன். இடது பெருவிரலை மையில் ஒற்றிக்கொண்டே அவர் கேட்டார்: “வட்டி மாசாமாசம் வந்துடும்ல தம்பி?”

“இது டெபாசிட் இல்லம்மா, இன்சூரன்ஸ். வருஷாவருஷம் இதே அஞ்சு லட்சம் கட்டணும். அஞ்சு வருஷத்துக்கு எடுக்க முடியாது.”

விரல் அப்படியே அந்தரத்தில் நின்றது. அப்புறம் முந்தானையில் துடைத்துக்கொண்டார். இதைத்தான் தாங்கள் ‘வாடிக்கையாளர் சேவையில் எதிர்மறை அணுகுமுறை’ என்று அழகு தமிழில் வர்ணித்திருக்கிறீர்கள்.

மேனேஜர் மேல் எனக்கு வருத்தமில்லை. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அவருக்கு கான்ஃபரன்ஸ் கால். ‘இன்னிக்கு எத்தனை இன்சூரன்ஸ் லாகின்?’ என்ற குரலுக்கு அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் ஏசியிலும் சட்டைக் காலர் நனைந்துவிடும். மகள் பிளஸ் டூ. இந்த வருஷம் மட்டும் டிரான்ஸ்ஃபர் வராமலிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறார். அவரிடம் போய் வாய்மை பேசச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. (வாய்மையைக் கழுவினாலும் மிஞ்சுவது மைதான். கடமை, பொறுமை, உண்மை எல்லாமே அப்படித்தான். அடுத்த வருஷக் குவளைக்குத் தாங்கள் எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும் முடிவு ஒன்றே.)

நேர்மையால் லாபமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த அம்மா 5 லட்சத்தையும் டெபாசிட் போட்டார். அடுத்த வாரம் நாத்தனாரைக் கூட்டிவந்தார். மூன்றாம் கவுண்டர் ஈயோட்டினாலும் இருவரும் என் வரிசையில்தான் நிற்கிறார்கள். என்ன, தங்கள் மதிப்பெண் பட்டியலில் இன்சூரன்ஸுக்கு இருக்கும் கட்டம் இதற்கு இல்லை.

குறை இருந்தால் உரிய வழியில் மேலிடத்துக்கு எழுதலாமே என்று மெமோவின் கடைசியில் அறிவுரையும் தந்திருக்கிறீர்கள். எழுதலாம். ஊழலைத் தடுக்க நம் தமிழ்நாட்டு கே. சந்தானம் தலைமையிலான குழு பரிந்துரைத்து, 1964-இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையமே வந்துவிட்டது. அன்று முதல் விழிப்பாகத்தான் இருக்கிறோம். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துப் பொறியாளர் சத்யேந்திர துபேயும் உரிய வழியில்தான் எழுதினார். தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்குத் தெரிவித்து, தன் பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டுக்கொண்டார். கடிதம் பெயரோடு மேஜை மேஜையாகச் சுற்றியது. 2003 நவம்பரில் கயாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வழிப்பறிக் கொலை என்று வழக்கு முடிந்தது. தகவல் தருபவர்களைக் காப்பாற்ற 2014-இல் சட்டம் போட்டார்கள், இன்னும் அமலுக்கு வரவில்லை. அந்தச் சட்டத்தைத் தூங்கவிட்டுவிட்டு வருஷாவருஷம் எங்களைக் கை நீட்டி நிற்கவைக்க வெட்கமாக இல்லையா? கைநாட்டு வைக்கிற கிழவியை ஏமாற்றித்தான் இந்தக் காலாண்டு நிறைய வேண்டுமா?

மன்னிக்க வேண்டும். மை கொட்டிவிட்டது.

தாங்கள் மூன்று நாளில் கேட்ட விளக்கம் இதுதான். மெமோவில் விட்டுப்போன ஒரு குற்றத்தையும், உறுதிமொழியை மதித்து, நானே சொல்லிவிடுகிறேன். அந்த நாத்தனார் சும்மா துணைக்கு வரவில்லை. அதற்கு முந்தின வாரம் வேறொரு கிளையில் இதே மாதிரி கைநாட்டு வைத்துவிட்டு வந்தவர். பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாமென்று திருப்பிக் கொடுக்கலாம் என்று அவரிடமும் சொல்லிவிட்டேன். கடிதத்தையும் நானே எழுதிக் கொடுத்தேன். அந்தக் கிளையின் லாகினில் ஒன்று குறைந்திருந்தால் காரணம் அடியேன்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
(பெயர் எழுதவில்லை. தங்கள் மேஜையில் ஏற்கெனவே இருக்கிறது.)

இணைப்பு: குவளை 1. மேற்கொண்டு கழுவ வேண்டாம்.