பரணில் இருக்கும் கண்: கேள்வி – பதில்

ஈரோட்டு வாசகர்: பழைய லென்ஸை அடாப்டர் போட்டு மாட்டுவதா, மிரர்லெஸ்ஸுக்கென்றே வரும் புது லென்ஸை வாங்குவதா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

எதிரே இருப்பது உங்களுக்காக நிற்கும் என்றால் பழையது. நிற்காது என்றால் புதியது.

கும்பகோணம் கல்லூரி மாணவி: தாத்தாவின் கேனான் எஃப்டி லென்ஸ் அப்பாவின் டிஎஸ்எல்ஆரில் சேரவில்லை. என் மிரர்லெஸ் கேமராவில் சேருகிறது. எப்படி ஐயா?

நடுவே இருந்த ஆள் எழுந்து போய்விட்டார், இடம் காலியாகிவிட்டது. அவ்வளவுதான் அம்மா.

எஸ்எல்ஆர் கேமராவுக்குள் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி உண்டு. நீங்கள் பட்டனை அழுத்தும்போதெல்லாம் அது மேலே துள்ளி வழிவிட வேண்டும். துள்ள இடம் வேண்டுமென்பதால் லென்ஸ் மாட்டும் வாய், அதாவது மவுண்ட், ஃபிலிமிலிருந்து (இன்றைக்குச் சென்சாரிலிருந்து) தள்ளியே உட்கார்ந்தது. நிக்கான் எஃப் மவுண்ட்டில் 46.5 மில்லிமீட்டர், எம்42 திருகு மவுண்ட்டில் 45.46, கேனான் ஈஎஃப்பில் 44. மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடியே இல்லை. அதனால் கேனான் ஆர்எஃப் 20, சோனி ஈ 18, நிக்கான் இசட் 16 என்று தூரம் சுருங்கிவிட்டது. 46.5-ல் 16 போனால் 30.5. அந்த முப்பதரை மில்லிமீட்டர் காற்றை ஒரு குழாய்க்குள் அடைத்து விற்கிறார்கள். அதற்குப் பெயர்தான் அடாப்டர்.

தாத்தாவின் லென்ஸ் கதை இன்னும் சுவையானது. எஃப்டி மவுண்ட் 1971-ல் வந்தது. தூரம் 42 மில்லிமீட்டர். 1987-ல் கேனான் ஈஎஃப் மவுண்ட்டுக்கு மாறியது, தூரம் 44. வித்தியாசம் இரண்டே மில்லிமீட்டர். ஆனால் அந்த இரண்டு மில்லிமீட்டருக்கு லென்ஸ் கேமராவுக்குள் இறங்க வேண்டும், இறங்க வழியில்லை. அப்படியே மாட்டினால் தூரத்து மலை தெளியாது. நடுவில் இன்னொரு சிறு லென்ஸ் வைத்துச் சரிக்கட்டினால் படத்தின் தரம் இறங்கும். லட்சக்கணக்கான நல்ல லென்ஸ்கள் எந்தக் குற்றமும் செய்யாமல் பீரோவுக்குள் போயின. 2008-ல் பானசோனிக் ஜி1 என்ற மிரர்லெஸ் கேமரா வந்து கதவைத் திறந்தது. இராமனுக்கு வனவாசம் 14 ஆண்டு. எஃப்டி லென்ஸ்களுக்கு 21. முழு அளவு சென்சாரோடு சோனி ஏ7 வந்த 2013-ல்தான் பட்டாபிஷேகம்.

சேலம் வாசகர்: அடாப்டர் மாட்டிவிட்டேன். பட்டனை அழுத்தினால் கேமரா படம் எடுக்க மறுக்கிறது. கெட்டுப்போய்விட்டதா?

கெடவில்லை. லென்ஸே இல்லை என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது. மெனுவில் ‘லென்ஸ் இல்லாமலும் எடு’ என்ற பொருளில் ஓர் அமைப்பு இருக்கும்; அதைத் திறந்துவிடுங்கள். கேமராவுக்குள் ஆட்டம் தாங்கும் வசதி இருந்தால் லென்ஸின் மில்லிமீட்டர் எண்ணையும் கையால் பதியுங்கள். 135-ஐ மாட்டிவிட்டு 50 என்று சொன்னால் அது 50-க்குத்தான் தாங்கும்.

அதே சேலம், வேறொருவர்: மலிவு அடாப்டர் போதுமா?

நிலாவைக் கேளுங்கள். லென்ஸை முடிவிலிக் குறிக்குத் திருகி நிலாவைப் பாருங்கள். தெளிவாகத் தெரிந்தால் போதும். எவ்வளவு திருகியும் தெளியவில்லை என்றால் குழாய் கொஞ்சம் தடிமன், திருப்பிக் கொடுங்கள். குறிக்கு முன்பே தெளிந்துவிட்டால் குழாய் ஒரு மயிரிழை மெல்லியது, அதனால் பாதகமில்லை. லென்ஸ் மாட்டிய இடத்தில் ஆடினால் மட்டும் ஒரு நாளும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நாகர்கோவில் வாசகர்: ஹீலியோஸ் 44-2 லென்ஸில் பின்னணி சுழன்று தெரிகிறதே, அது மாயமா, குறையா?

குறைதான். என்ன அழகான குறை!

ஜெர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனம் பயோடார் 58 மில்லிமீட்டர் எஃப் 2 என்றொரு லென்ஸ் செய்தது. அதன் வடிவத்தைப் பின்பற்றி மாஸ்கோவுக்கு அருகில் கிராஸ்னகோர்ஸ்க் ஆலையில் சோவியத் நாட்டினர் செய்த லென்ஸ்தான் ஹீலியோஸ். ஜெனித் கேமராவோடு வந்ததால் உலகமெங்கும் குவிந்து கிடக்கிறது.

படத்தின் நடுவில் விழும் ஒளி லென்ஸுக்குள் தடையில்லாமல் வருகிறது. ஓரத்தில் சாய்வாக வரும் ஒளியை லென்ஸின் குழாய் விளிம்பு கொஞ்சம் வெட்டிவிடுகிறது. அதனால் நடுவில் வட்டமாகத் தெரியும் ஒளிப்புள்ளி, ஓரத்தில் பூனைக்கண் போல ஒடுங்குகிறது. அந்தப் பூனைக்கண்கள் எல்லாம் மையத்தைச் சுற்றி வரிசை கட்டி நிற்கும்போது நமக்குச் சுழல்வதுபோலத் தெரிகிறது.

செய்து பாருங்கள். சாயங்காலம் வேப்பமரத்துக்குச் சில அடி முன்னால் ஒருவரை நிறுத்துங்கள். இலைகளுக்கு நடுவே வானம் பொட்டுப் பொட்டாகத் தெரிய வேண்டும். முகம் நடுவில் இருக்கட்டும். லென்ஸில் இரண்டு அப்பர்ச்சர் வளையங்கள் இருக்கும்: முன்னது கிளிக் கிளிக் என்று நின்று எல்லை குறிக்கும், இன்னொன்று சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு அந்த எல்லைக்குள் திறந்து மூடும். இரண்டையும் எஃப் 2-க்குத் திறந்து வையுங்கள். வேப்பமரம் ராட்டினம் ஆகும்.

ஒரு வேண்டுகோள். இதை எல்லாப் படத்திலும் செய்யாதீர்கள். பாயசத்தில் முந்திரி நல்லது, முந்திரியே பாயசமாகாது. நான் எத்தனை முறை சொன்னாலும் சலிக்காமல் சொல்லும் விஷயம் இது: பின்னணியை அழிப்பது மட்டுமே புகைப்படம் இல்லை. அந்த ஆளுக்குப் பின்னால் இருப்பது அவருடைய வீடு, அவருடைய தெரு. அதையும் பார்க்க விடுங்கள். எஃப் 5.6-க்கு வாருங்கள், ஹீலியோஸ் நடுவில் எவ்வளவு கூர்மை என்பது அங்கேதான் தெரியும்.

காரைக்கால் வாசகர்: பழைய 28 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று வருகிறது. அகலக் காட்சிக்கு வாங்கலாமா?

வேண்டாம். சிறிய சென்சாரில் 28 என்பது 42 ஆகிவிடும், அகலமும் போய்விடும். அகலத்துக்குப் புதியதே மேல். பழையதில் 50-ம் 135-ம் தேடுங்கள்.

ஓசூர் வாசகர்: எந்தக் கம்பெனி லென்ஸ் உசத்தி?

பையிலிருந்து வெளியே வந்த லென்ஸ்.

திருச்சி வாசகி: சூப்பர் டாக்குமார் 50 எஃப் 1.4 வாங்கினேன். படமெல்லாம் தேநீர் நிறத்தில் இருக்கிறது. அதில் கதிர்வீச்சு இருக்கிறதென்று பயமுறுத்துகிறார்கள்.

இருக்கிறது. அசாஹி கம்பெனி அந்த லென்ஸின் கண்ணாடியில் தோரியம் ஆக்சைடு கலந்தது. ஒளியை நன்றாக வளைக்கும், நிறங்களை அதிகம் சிதறவிடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அந்தத் தோரியத்தின் கதிர்வீச்சு பல ஆண்டுகளில் கண்ணாடியையே மஞ்சளாக்கிவிட்டது. கேமராவில் மாட்டிப் படமெடுப்பதால் ஆபத்தில்லை. உடைக்கவோ தேய்க்கவோ கூடாது. கண்ணோடு வைத்துப் பார்க்கும் உருப்பெருக்கியாக்கவும் கூடாது.

மஞ்சளைப் போக்க வைத்தியம் நம் மொட்டை மாடியிலேயே இருக்கிறது. வெயிலின் புற ஊதா ஒளி அந்த நிறத்தை எடுத்துவிடும். அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, கீழே சமையலறை அலுமினியத் தாள் விரித்து, இளவெயிலில் நாள் கணக்கில் வையுங்கள். துணியின் மேலோ காகிதத்தின் மேலோ வைக்காதீர்கள். அது லென்ஸ், நெருப்பு வைக்கவும் தெரியும். உச்சி வெயிலும் வேண்டாம், உள்ளே இருக்கும் கிரீஸ் இளகும். தினமும் நிழலுக்கு எடுத்து வந்து வெள்ளைத் தாளின் மேல் வைத்து உள்ளே பாருங்கள். தேநீர் பாலாகும்.

தூத்துக்குடி வாசகர்: லென்ஸைத் தோல் உறையில் போட்டு, துணியில் சுற்றி, பீரோவில் பூட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனாலும் உள்ளே நூல் நூலாக ஏதோ தெரிகிறது.

பூஞ்சை. அதற்கு நீங்கள் செய்து கொடுத்தது பத்திரம் இல்லை, பிரசவ அறை. இருட்டு, ஈரக் காற்று, ஈரத்தை உறிஞ்சி வைக்கும் தோல். இந்தத் தோல் உறைகள்மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. கடலோர ஊரில் லென்ஸை அதற்குள் வைத்துப் பூட்டவே கூடாது. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். அந்த முள் 40 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நிற்கட்டும்.

வந்துவிட்ட பூஞ்சையைத் தெரிந்த மெக்கானிக்கிடம் உடனே காட்டுங்கள். அது விடும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரிக்கும். சீக்கிரம் துடைத்தால் சுவடே இருக்காது. விட்டால் வடு நிற்கும். வடு இருந்தாலும் சாதாரண வெளிச்சத்தில் படம் நன்றாகவே வரும், எதிர் வெயிலில்தான் வெளிறும். வாங்கும்போது செல்போன் டார்ச்சைப் பின்பக்கம் காட்டி முன்பக்கம் பாருங்கள். வியாபாரி பேசுவதைவிட அந்த வெளிச்சம் உண்மை பேசும்.

மதுரை, கல்யாண வீட்டுப் புகைப்படக்காரர்: பழைய லென்ஸ்களை வைத்தே முகூர்த்தம் எடுத்துச் செலவைக் குறைக்கலாமா?

கூடாது தம்பி. கெட்டிமேளம் ஒரு முறைதான். ஒரு மீட்டர் தூரத்தில் 50 மில்லிமீட்டரை எஃப் 1.4-ல் திறந்தால் தெளிவு நிற்கும் ஆழம் சுமார் மூன்று சென்டிமீட்டர். மாப்பிள்ளை முடிச்சுப் போடக் குனிகிறார், பெண் தலை தாழ்த்துகிறாள், அத்தைமார் அட்சதையோடு நடுவில் வருகிறார்கள். அந்த மூன்று சென்டிமீட்டரை நீங்கள் கையால் துரத்தும் நேரத்தில் புதிய லென்ஸ் கண்ணைக் கண்டுபிடித்துப் பத்துப் படம் எடுத்திருக்கும். அடுத்தவர் வீட்டு நினைவில் நமக்குச் சோதனை உரிமை கிடையாது.

செலவைக் குறைக்க நேர்மையான நடுவழி ஒன்று இருக்கிறது. கேனான் ஈஎஃப் லென்ஸ்களைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி, கேனானே தரும் அடாப்டரில் ஆர்எஃப் கேமராவில் மாட்டுங்கள். ஆட்டோஃபோகஸ் முழுதாக வேலை செய்யும். நிக்கானில் எஃப்டிஇசட் அடாப்டரில் ஏஎஃப்-எஸ் லென்ஸ்கள் ஓடும். உள்ளே மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ் அதில் தானாக ஃபோகஸ் ஆகாது. விலை குறைவு என்று அதில் விழுந்துவிடாதீர்கள். முகூர்த்தம் முடிந்து மறுநாள் மறுவீட்டில் பெண்ணும் மாப்பிள்ளையும் திண்ணையில் ஓய்வாக உட்கார்ந்திருப்பார்கள். அப்போது ஹீலியோஸை எடுங்கள்.

வேலூர் வாசகர்: ஒட்டுப்போட்ட லென்ஸில் பெரிய சினிமாக்காரர்கள் படம் எடுத்ததுண்டா?

ஆஹா, இதற்குத்தான் காத்திருந்தேன்! 1975-ல் வந்த ‘பேரி லிண்டன்’. பதினெட்டாம் நூற்றாண்டுக் கதை. இரவுக் காட்சிகளை மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே எடுக்க வேண்டுமென்று ஸ்டான்லி குப்ரிக் முடிவு செய்தார். அந்த வெளிச்சத்துக்குச் சினிமா லென்ஸ் எதுவும் போதவில்லை. விண்வெளி ஆய்வுக்காக நாசாவுக்கென்று சைஸ் செய்த 50 மில்லிமீட்டர் எஃப் 0.7 லென்ஸ் அவர் கைக்கு வந்தது. எஃப் 1.4 லென்ஸைப்போல நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும்.

மாட்டுவதுதான் சிக்கல். அதன் பின்முனை ஃபிலிமை ஏறக்குறைய உரசிக்கொண்டு உட்கார வேண்டும். லென்ஸ் வழியாகவே பார்க்க வைக்கும் கண்ணாடி கொண்ட கேமராவில் அதற்கு இடமேது? கண்ணாடி இல்லாத பழைய மிட்செல் பிஎன்சி கேமராவைத் தேடிப் பிடித்தார்கள். எட் டிஜூலியோ என்ற பொறியாளர் அதன் உள்ளைக் குடைந்து லென்ஸைப் பொருத்தினார். அதன் பிறகு அந்தக் கேமராவில் வேறு லென்ஸ் சேரவில்லை. தெளிவு நிற்கும் ஆழம் மிகக் குறைவென்பதால் பக்கவாட்டில் ஒரு வீடியோ கேமரா வைத்து, நடிகர் முன்னே பின்னே நகர்வதைத் திரையில் அளந்து ஃபோகஸ் செய்தார்கள். ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட் ஆஸ்கர் வாங்கினார். ஒரு காட்சிக்கு எது வேண்டும் என்று தெரிந்தவருக்கு, அதை மாட்ட வழி கிடைத்துவிடுகிறது.

திண்டுக்கல், ஓய்வு பெற்ற ஆசிரியர், வயது 68: நாற்பது ஆண்டாகக் கையால் ஃபோகஸ் செய்தே எடுத்தவன். கண்புரை அறுவை முடிந்த பிறகும் விரலும் கண்ணும் முன்போல் ஒத்துழைக்கவில்லை. ஆட்டோஃபோகஸ் லென்ஸ் வாங்கினால் தோற்றுப்போனதாகத் தோன்றுகிறது.

ஐயா, வாங்குங்கள். இந்த மாதமே வாங்குங்கள்.

மேலே திருச்சி அம்மையாரின் மஞ்சள் லென்ஸைப் பற்றிப் படித்திருப்பீர்கள். நம் கண்ணின் லென்ஸும் வயதானால் அப்படித்தான் மஞ்சளிக்கிறது. அதை மட்டும் வெயிலில் காயவைக்க முடியாது. 1949-ல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி என்ற மருத்துவர் முதன்முறையாக ஒருவரின் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைத்தார். போர் விமானிகளின் கண்ணில் தெறித்த பெர்ஸ்பெக்ஸ் துண்டுகளைக் கண் பகையின்றி ஏற்றுக்கொண்டதை அவர் கவனித்திருந்தார். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, மதுரையில், 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992-ல் அங்கே உருவான ஆரோலேப் அந்த லென்ஸை ஏழைக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்தது. பழைய உடம்பில் புது லென்ஸைப் பொருத்தியபோது உங்களுக்கு வெட்கமாக இருந்ததா? இல்லையே. கேமராவுக்கு மட்டும் ஏன்?

கண்ணுக்குள் வைக்கும் வழக்கமான லென்ஸ் ஒரே தூரத்துக்குத்தான் ஃபோகஸ் ஆகும். அதனால் முதலில் வியூஃபைண்டர் பக்கத்தில் இருக்கும் டயாப்டர் திருகைத் திருப்பி, உள்ளே தெரியும் எழுத்துகள் கூர்மையாகும்வரை சரிசெய்யுங்கள். பழைய லென்ஸ்களை விற்க வேண்டாம். காட்சியை வியூஃபைண்டரிலேயே பல மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும் வசதி மிரர்லெஸ்ஸில் உண்டு. கோயில் தூணும் தோட்டத்துப் பூவும் காத்திருக்கும், அவற்றைக் கையாலேயே எடுங்கள். ஓடிவரும் பேரனைப் புது லென்ஸிடம் விடுங்கள். நாற்பது ஆண்டில் நீங்கள் கற்றது வளையம் திருகுவதை மட்டுமா? எங்கே நிற்பது, எப்போது அழுத்துவது என்பதைத்தானே? அதை எந்த மோட்டாரும் உங்களுக்காகச் செய்யாது.

விழுப்புரம் வாசகர்: எங்கிருந்து தொடங்குவது?

பரணிலிருந்து. இந்த ஞாயிற்றுக்கிழமை ஏணி போட்டு ஏறிப் பாருங்கள். லென்ஸ் கிடைத்தால் முதலில் அதைத் தோல் உறையிலிருந்து வெளியே எடுங்கள்.