மூன்றாவது அணை

பிளவக்கல் பெரியாறு அணையின் உயரம் 47 அடி. பக்கத்திலேயே கோவிலாறு அணை, 42 அடி. இரண்டும் நிரம்ப மேற்குத் தொடர்ச்சி மலை மனசு வைக்க வேண்டும். வத்திராயிருப்பில் என் வீட்டு ஜன்னல் சன்ஷேடு நிரம்ப அரை மணித் தூறல் போதும்.

நேற்று ராத்திரியும் நிரம்பிவிட்டது. சன்ஷேடில் தேங்கும் தண்ணீரை எப்படி வடிப்பது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் இன்றைய அணை நிலவரம்.

நீர்மட்டம்: இரண்டு விரற்கடை. நீர்வரத்து: மொட்டைமாடிக் குழாய் வழியாக, தாராளம். வெளியேற்றம்: ஜன்னல் நிலைக்கு மேலே சுவர் வழியாக, மெத்தைக்கு. ஆயக்கட்டு: ஓர் அரசங்கன்று, மூன்று போகம் கண்டுவிட்டது. மீன்குஞ்சு விடவில்லை, கொசுப்புழு தானே வந்தது. டெங்கு ஒழிக்க வந்தவர்கள் டார்ச் அடித்துப் பார்த்து என்னைக் குற்றவாளியாக நோட்டில் எழுதிக்கொண்டு போனார்கள். அடுத்த மழைக்கு மறுகால் பாயும் என்பதால், கரையோரம் வசிக்கும் என் மாமனார் கட்டிலோடு மேடான பகுதிக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார். அவர் போகமாட்டார். அந்த ஜன்னலில்தான் காற்று வருகிறதாம்.

வருகிறவர்களெல்லாம் இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்து, “வாட்டம் சரியில்லையே அண்ணாச்சி” என்கிறார்கள். ஐயா, அது எனக்கும் தெரியும். சன்ஷேடு வெளிப்பக்கம் லேசாகச் சரிய வேண்டும். சுவரோடு சேரும் மூலையைச் சிமெண்டால் வளைத்துப் பூச வேண்டும். தண்ணீர் அடிப்பக்கமாகத் திரும்பி ஊராமலிருக்க விளிம்புக்குக் கீழே ஒரு காடி இழுக்க வேண்டும். எங்கள் கொத்தனாரோ ரசமட்டம் வைத்துப் போட்டவர். “ஒரு நூல் பிசகாது சார்” என்று இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்துகிறார். பிசகியிருந்தால் கும்பிட்டிருப்பேன்.

ஐப்பசியில் கூப்பிட்டால், “ஈரத்துல பூச்சு பிடிக்காது, வெயில் வரட்டும்” என்கிறார். சித்திரையில் கூப்பிட்டால், “இப்பத்தான் ஒழுகலையே, எங்கன்னு பார்த்துப் பூசுறது?” என்கிறார். இரண்டுக்கும் நடுவே ஒரு மாதத்தைப் பஞ்சாங்கத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் அதற்குள் கலர் அட்டை வந்துவிட்டது. ஓதம் காத்த உள்சுவருக்குப் புதுப் பெயிண்டாம். இளஞ்சிவப்பு.